வெள்ளிக்கிழமை மட்டும் தானாக எழுந்த கணினி

அந்த நாற்காலி வேண்டாம் தம்பி. அது கணக்கருடையது. வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும்தான் அதில் ஆள் உட்காருவது. இதில் உட்காருங்கள். இப்படி ஒரு சாண் நகர்த்திப் போட்டுக்கொண்டால் லாரி மேடை ஏறுவதும் தெரியும், உங்கள் திரையில் அந்தக் கோடு நகர்வதும் தெரியும். எவ்வளவு வந்திருக்கிறது? கால்வாசியா? வரட்டும்.

கோடு முழுதாக வரும்வரை யாரும் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்று சொன்னீர்கள். சரி. என் கை அதன் மேல் படவே படாது. மற்ற மூன்று எடைமேடையிலும் இருக்கிற ஆட்களைப் போல நினைத்துவிடாதீர்கள். அவர்கள் கீபோர்டின் மேல் டீ கிளாஸை வைப்பார்கள். நான் சொன்னால் சொன்னபடி செய்கிறவன்.

அதிகம் பேசவும் மாட்டேன். பேசிப் பழக்கம் இல்லை. படிப்பு எட்டாவதோடு சரி. லாரி வரும், வெறும் எடை போடுவேன். உப்பு ஏற்றிக்கொண்டு திரும்பி வரும், பார எடை போடுவேன். சீட்டு கொடுப்பேன். டிரைவர்களோடுகூட அவ்வளவாகப் பேச்சு கிடையாது. ஆனால் நீங்கள் மைதீன் சாரின் கம்ப்யூட்டர் கடையிலிருந்து வந்திருக்கிறீர்கள். அந்தக் கடையிலிருந்து உங்களுக்கு முன்னால் இங்கே வந்துகொண்டிருந்த பெண்ணைப் பற்றி யாராவது சொன்னார்களா? சுகிர்தா என்று பெயர். சொல்லவில்லையா? அப்படியானால் நான்தான் சொல்ல வேண்டும். இந்தக் கம்ப்யூட்டரில் கை வைப்பதற்கு முன்னால் இதன் குணம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கை வைத்தாகிவிட்டதா? சரி, இருந்தாலும் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாளிக்கு நாலு எடைமேடை. சித்திரைவேல் முதலாளியை உங்களுக்குத் தெரியும்தானே? புதிதாக ஒன்றும் வாங்க மாட்டார். எங்கேயோ ஒரு கல்லூரி மூடினார்கள், அங்கிருந்து ஒரு கம்ப்யூட்டர். மூத்த மருமகன் ஆபீஸில் கழித்துப் போட்டது ஒன்று. இன்னும் இரண்டு எங்கே வாங்கினாரோ. நாலையும் உள்ளே இருந்து ஓட்டுவது லினக்ஸ்தான் என்று சொல்வார்கள். ஆனால் நாலும் நாலு விதம். அண்ணன் தம்பி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் முகத்தில் ஒருவர் சாயல் இல்லாமல் இருப்பார்களே, அது மாதிரி.

எடை போடுகிற புரோகிராம் நாலிலும் ஒன்றே. முன்பெல்லாம் காலையில் வந்து கம்ப்யூட்டரைப் போட்டால் கறுப்புத் திரை வரும், ஒரு கோடு விட்டுவிட்டு மின்னும். அதில் நாலு சொல் டைப் பண்ணினால்தான் புரோகிராம் எழும். அந்த நாலு சொல்லையும் நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். அர்த்தம் தெரியாது. ஆனால் ஒரு புள்ளி, ஒரு சாய்கோடு தப்பாது. மற்ற மேடைகளில் இருந்தவர்கள் தப்பும் தவறுமாக அடிப்பார்கள், பிறகு எனக்குப் போன் போடுவார்கள். நான் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்வேன். அந்த நாட்களில் எனக்குக் கொஞ்சம் மரியாதை இருந்தது என்று சொன்னால் தப்பில்லை.

முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. லாரி நிற்கிறது, நீங்கள் போனில் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள் என்றார். சுவிட்சைப் போட்டால் புரோகிராம் தானாக எழ வேண்டும், யாரும் எதுவும் டைப் பண்ணக் கூடாது, அப்படிச் செய்து தா என்று மைதீன் சாரிடம் சொல்லிவிட்டார். மைதீன் சார் அந்த வேலைக்குத்தான் சுகிர்தாவை அனுப்பினார். புதிதாகச் சேர்ந்த பெண். நாலு மேடையும் தானாக எழுந்துவிட்டால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். இதை அவளே என்னிடம் சொன்னாள். அப்பா படுத்த படுக்கை, ஒரு தம்பி படிக்கிறான். அதையும் சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னதுதான்.

பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். வந்ததும் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வருவாள். அந்த ஒரு விஷயத்திலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. நீங்கள் பரவாயில்லை, ஷூதானே, இருக்கட்டும். பிறகு நான் துடைத்துக்கொள்கிறேன்.

ஏன் நாலுக்கும் நாலு விதமாக எழுத வேண்டியிருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். அவள் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் கூப்பிடுகிறார்கள் இல்லையா, அது போலத்தான் ஐயா என்றாள். சில வீட்டில் வரிசை எண் வைத்திருப்பார்கள்; ஒன்று, இரண்டு, மூன்று என்று அந்த வரிசைப்படி எழுந்து போக வேண்டும். சில வீட்டில் வரிசை கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்த பிறகு நாங்கள் உட்காருவோம் என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சாப்பாடு ஒன்றுதான், விருந்தாளியும் அதே ஆள்தான், கூப்பிடுகிற முறைதான் வேறு. அந்தக் கூப்பிடுகிற ஆளுக்குத்தான் ஸ்கிரிப்ட் என்று பெயராம். இந்த வீட்டு ஆளை அந்த வீட்டுக்கு அனுப்பினால் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடுவான்.

நன்றாகச் சொன்னாள் என்று நினைத்தேன். சொல்வது வேறு, செய்வது வேறு இல்லையா?

செய்தாள், இல்லையென்று சொல்லவில்லை. முதல் மேடை ஒரே நாளில் எழுந்தது. இரண்டாவது மேடையில் புரோகிராம் அவசரப்பட்டு எழுந்துவிட்டது. மேடையிலிருந்து எடையை வாங்கிச் சொல்கிற எடைப்பெட்டி இன்னும் விழிக்கவில்லை, அதற்குள் இது எழுந்து உட்கார்ந்துகொண்டு பாரம் ஏற்றி நின்ற லாரிக்குப் பூஜ்யம் கிலோ என்று சீட்டு அடித்துக் கொடுத்தது. அந்த டிரைவர் சீட்டைப் பிரேம் போட்டு மாட்டப் போவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். பிறகு அங்கே எடைப்பெட்டிக்காகக் காத்திருக்கும்படி மாற்றி எழுதினாள். மூன்றாவதும் சரியாயிற்று. கடைசியாக இங்கே வந்தாள்.

வந்து எழுதினாள். அவளே அணைத்தாள், அவளே போட்டாள். புரோகிராம் தானாக எழுந்தது. மறுபடி அணைத்துப் போட்டாள். எழுந்தது. எத்தனை தடவை போட்டாலும் எழுந்தது. சந்தோஷமாக நாலரை மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் வந்து சுவிட்சைப் போடுகிறேன். கறுப்புத் திரை. மின்னுகிற கோடு. அவ்வளவுதான்.

வெளியே லாரி. ஒரு டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டி, "என்ன பெரியவரே, கம்ப்யூட்டர் இன்னும் பல்லு வெளக்கலையா?" என்றான். நான் கீபோர்டை என் பக்கம் இழுத்தேன். என் நாலு சொல்லை அடித்தேன். எழுந்தது. எடை போட்டேன். பிறகு அந்தப் பெண்ணுக்குப் போன் பண்ணி, நீ எழுதினது எழவில்லை அம்மா என்றேன். பதறிப்போய் வந்தாள். வந்து அணைத்துப் போட்டால், அவள் முன்னால் சமர்த்தாக எழுகிறது!

இதுவே வாடிக்கையாகிவிட்டது. அவள் இருந்தால் எழும். போய்விட்டால் மறுநாள் எழாது. பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வரும்போது மட்டும் வாய்ப்பாடு சொல்கிற பையனைப் போல.

ஆனால் தம்பி, நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். எனக்கு எதையும் மேலோட்டமாகப் பார்த்துப் பழக்கமில்லை. ஒரு விஷயம் பிடிபட்டது. வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் அது தானாக எழுந்தது. வேறு எந்தக் கிழமையும் இல்லை. வெள்ளிக்கிழமை வந்து சுவிட்சைப் போட்டால், நான் கீபோர்டைத் தொடவே வேண்டாம், எடைத் திரை மளமளவென்று வந்து நிற்கும்.

காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் மேடையின் நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம் வைத்துச் சூடம் காட்டுவேன். இங்கே வந்த நாளிலிருந்து செய்வது. ஆனாலும் சும்மா நம்பிவிடக் கூடாது, சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை அதே சந்தனம், அதே குங்குமம், அதே சூடம் வைத்துப் பார்த்தேன். எழவில்லை. புதன்கிழமையும் செய்தேன். எழவில்லை. ஆகவே சூடம் மட்டும் போதாது, கிழமையும் சேர வேண்டும் என்று தெளிந்தேன். ஒரே ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் எழவில்லை. அந்த வாரம் வேலாயுதம் கணக்கருக்குக் காய்ச்சல், வியாழக்கிழமை வழக்கம்போல வந்து வாரக் கணக்கைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, கம்ப்யூட்டரை அவர் கையால் மூடிவிட்டுப் போக முடியவில்லை. அந்த வருத்தத்தில் நான் சூடத்தை டப்பாவில் சரியாக மூடாமல் வைத்துவிட்டேன், உப்புக் காற்றில் நமத்துப்போய்விட்டது. அதுதான் காரணம்.

ஏன் தம்பி சிரிக்கிறீர்கள்? நம்பிக்கை இல்லையா? பரவாயில்லை. சுகிர்தாவும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற பெண்தான், ஆனால் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நெசமா ஐயா? ஒவ்வொரு வெள்ளியுமா?" என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு வாரத்துக்கு ஒருமுறை ஓடுகிற வேலை ஏதாவது உள்ளே இருக்கிறதா என்று நாள் முழுவதும் தேடினாள். கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்?

கோடு பாதிக்கு வந்துவிட்டதா? நல்லது. கம்ப்யூட்டர் மோட்டார் மாதிரிச் சத்தம் போடுகிறதே, அது எப்போதும் அப்படித்தான். பயப்பட வேண்டாம்.

அவளுக்கு ஒரு துப்பு இருந்தது. ஸ்கிரிப்ட் என்ன செய்தது என்று கம்ப்யூட்டரே உள்ளே எழுதி வைத்துக்கொள்ளுமாம். அதைப் பார்த்தால், எழாத நாட்களில் எல்லாம் 'ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது' என்று எழுதியிருக்கிறது. அதாவது கூப்பிடப் போன ஆள், அவர் ஏற்கெனவே எழுந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்துத் திரும்பி வந்திருக்கிறான். ஆனால் பந்தியில் ஆளே இல்லை. யாரோ இரண்டாவதாக ஓர் ஆள் முந்திக்கொண்டு கூப்பிடுகிறான் என்று அவள் நினைத்தாள். பழைய முறையிலும் ஓர் ஆள், புது முறையிலும் ஓர் ஆள் இருப்பானோ என்று தேடி, பழையவன் ஒருவனைக் கண்டுபிடித்து அழித்தாள். அப்படியும் எழவில்லை.

கடைசியில் என்னிடம் வந்து நின்றாள். சொல்லத் தயங்கினாள்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. காலைல அது தானா எந்திரிக்கதுக்கு முந்தியே நீங்க டைப் பண்ணிருதீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு முழுவதும் அவளோடு பேசவில்லை. மறுநாள் காலையில், வெளியே லாரிகள் சாலை வளைவு வரைக்கும் நின்று ஹாரன் அடிக்க, நான் கையைக் கட்டிக்கொண்டு அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இரண்டு லாரி எதிரே இருக்கிற வேறொருவர் மேடைக்குப் போய்விட்டது. போகட்டும் என்று விட்டேன். என் பேரில் ஒரு சொல் வந்துவிடக் கூடாது இல்லையா?

எப்படி மூடுகிறீர்கள் என்றும் ஒருநாள் கேட்டாள். முறையாகத்தான் மூடுகிறேன், ஒரு நாளும் தவறினதில்லை என்றேன். அது சத்தியமான பேச்சு.

இதற்கு நடுவில் மைதீன் சார் எனக்குப் போன் பண்ணுவார், அந்தப் பெண் எப்படிச் செய்கிறாள் என்று கேட்பார். எனக்குப் பொய் வராது. இந்த மாதத்தில் இத்தனை காலை எழவில்லை என்று சொல்லிவிடுவேன். மற்றபடி நல்ல பெண், செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறாள் என்பதையும் மறக்காமல் சொன்னேன். இவ்வளவு சிபாரிசு நான் யாருக்கும் செய்ததில்லை.

முதலாளிக்குப் பொறுமை போயிற்று. திங்கட்கிழமை இரண்டு பேரையும் நிற்க வைத்துக் கேட்கப் போகிறேன், கோளாறு ஸ்கிரிப்டில் என்றால் அந்தப் பெண் வர வேண்டாம், கையில் என்றால் சங்கிலிமுத்து வீட்டில் போய் ஓய்வெடுக்கட்டும் என்று சொல்லிவிட்டார். சங்கிலிமுத்து நான்தான். எனக்குக் கவலையே இல்லை. மனைவி மட்டும் இரண்டு நாள் சாப்பிடவில்லை. வீட்டில் இருக்கிற ஒரே வருமானம் இதுதான், மகளைக் கட்டிக்கொடுத்த இடத்திலும் சரியில்லை என்று அவளுக்கு ஒரு பயம். நான் சுகிர்தாவிடம் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவள்தான் டீக்கடையில் யாரோ சொல்லக் கேட்டு, அப்படியா ஐயா என்று விசாரித்தாள். ஆமாம், ஆனால் தப்பு என் பக்கம் இல்லாதபோது எனக்கென்ன பயம் என்றேன்.

அந்தச் சனிக்கிழமை மழை. சாலையில் தண்ணீர் நின்று நாலரை மணி பஸ் வரவில்லை. அதனால் அவள் முதல் முறையாக நான் மூடுகிற நேரம் வரைக்கும் இங்கே இருந்தாள். கிழக்கே மின்னல் வெட்டிக்கொண்டிருந்தது. ஆறு மணி. நான் கடைசிச் சீட்டைக் கிழித்தேன். மேஜையைத் துடைத்தேன். நாற்காலியை உள்ளே தள்ளினேன். ஜன்னலைச் சாத்தினேன். பிறகு கதவுக்குப் பக்கத்தில், அதோ தெரிகிறதே, அந்த மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தேன். எல்லாம் அணைந்தது. ஃபேன், விளக்கு, எடைப்பெட்டி, கம்ப்யூட்டர், எல்லாம் ஒரே இழுப்பில்.

திரும்பிப் பார்த்தால் அந்தப் பெண் இருட்டில் அசையாமல் நிற்கிறாள்.

"ஐயா, தெனமும் இப்படித்தானா?"

"இருபது வருஷமா ஒரு நாள் தவறினதில்லம்மா" என்றேன்.

இந்த இடத்தில் நான் ஒன்று சொல்ல வேண்டும் தம்பி. நான் இங்கே வந்த புதிதில் ஒருநாள் இடி விழுந்து பழைய எடைப்பெட்டி கருகிப்போயிற்று. அன்றைக்கு முதலாளி, பத்து டிரைவர்கள் நடுவில், "வே, மெயின அணைச்சிட்டுப் போகணும்ங்கிற புத்திகூட ஒமக்குக் கெடையாதா?" என்று கேட்டார். அவருக்கு அது மறந்துபோயிருக்கும். எனக்கு எப்படி மறக்கும்? அன்றிலிருந்து மெயினை இழுக்காமல் நான் இந்தக் கதவைத் தாண்டினதில்லை. நடுவில் பேட்டரி வைத்த ஒரு பெட்டி கொண்டுவந்து வைத்தார்கள், மெயினை அணைத்த பிறகும் கம்ப்யூட்டர் எரிந்துகொண்டே இருக்கும். எனக்கு அது பிடிக்கவே இல்லை. நல்லவேளை, உப்புக் காற்றில் அது வீங்கிச் செத்துப்போயிற்று.

அவள் உட்கார்ந்துவிட்டாள். கணக்கர் நாற்காலியில். நான் ஒன்றும் சொல்லவில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பிறகு மெயினை மறுபடி போடச் சொல்லி, மைதீன் சாருக்குப் போன் போட்டாள். அவள் பேசினதெல்லாம் என் காதிலும் விழுந்தது.

அவள் சொன்னது இதுதான். புரோகிராம் எழுந்ததும், நான் விழித்திருக்கிறேன் என்று ஒரு சீட்டு எழுதி ஓர் இடத்தில் வைக்குமாம். முறைப்படி மூடினால் அதுவே அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படுக்கும். திடீரென்று மின்சாரம் போனால் கிழிக்க நேரம் இல்லை, சீட்டு கிடந்துவிடும். காலையில் கூப்பிடப் போகிறவன் சீட்டைப் பார்த்துவிட்டு, ஆள் விழித்திருக்கிறான் என்று திரும்பிவிடுவான். மற்ற மூன்று லினக்ஸும் காலையில் எழும்போதே அந்த இடத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்துவிடும். இது மட்டும் பெருக்குவதில்லை. கரண்ட் போனதால் சீட்டு கிடந்திருக்கு சார் என்றுதான் சொன்னாளே தவிர, வேறு எதையும் சொல்லவில்லை.

எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆக, தப்பு இந்தக் கம்ப்யூட்டருடையது. பெருக்காத கம்ப்யூட்டர்! நான் தினமும் இந்த மேடையையும் அறையையும் இரண்டு வேளை பெருக்குகிறேன். இதற்கு ஒரு வேளை பெருக்க முடியவில்லை.

அப்போதே ஒரு வரி எழுதினாள். சீட்டைப் பார்த்ததும் திரும்பி வராதே, அதில் பெயர் இருக்கிற ஆள் உண்மையிலேயே விழித்திருக்கிறானா என்று தட்டிப் பார், இல்லையென்றால் சீட்டைக் கிழித்துவிட்டு எழுப்பு என்று. ஒரே வரி. மெயினை இழுங்க ஐயா என்றாள். இழுத்தேன். போடுங்க என்றாள். போட்டேன். எழுந்தது தம்பி. சனிக்கிழமை எழுந்தது.

திங்கட்கிழமை முதலாளி வந்தார், மைதீன் சாரும் வந்தார். இங்கேயேதான், இந்த மேஜைக்கு முன்னால். முதலாளி சுற்றி வளைக்கிறவர் இல்லை.

"கோளாறு ஸ்கிரிப்ட்லயா, கையிலயா?"

அவள் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவர்கள் பேசும்போது முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சம்.

"ஸ்கிரிப்ட்லதான் முதலாளி. ஒரு வரி விட்டுட்டேன். இப்ப சேத்துட்டேன்."

பார்த்தீர்களா? இந்தக் காலத்தில் தன் தப்பைத் தானே ஒப்புக்கொள்கிற ஆள் எங்கே கிடைக்கிறது? எனக்கு அவள் மேல் மதிப்பு கூடிவிட்டது. நானே முன்னால் வந்து, சின்னப் பெண், தெரியாமல் செய்துவிட்டாள், இந்த ஒருமுறை மன்னித்துவிடுங்கள் முதலாளி என்று கேட்டுக்கொண்டேன். கூட்டத்தில் நான் வாய் திறந்ததே அன்றைக்குத்தான். அவள் குனிந்துகொண்டாள். ஒரு வரிக்கு ஒன்றரை மாதமா என்று மைதீன் சார் கேட்டார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். வேறென்ன செய்வார்?

அன்றைக்குச் சாயங்காலம் தன் சாமான்களை எடுத்துக்கொண்டாள். நான் எல்லாம் துடைத்து முடித்து மெயினை அணைக்கப் போகிறேன், அவள் போய் அந்த சுவிட்சுக்கு முன்னால் நின்றுகொண்டாள். "ஐயா, எனக்காக ஒண்ணு செய்வீங்களா? இத இழுக்கதுக்கு முந்தி, திரையில இந்த எடத்த அமுக்குங்க. திரை இருட்டாகிற வரைக்கும் நில்லுங்க. அப்புறமா இழுங்க" என்றாள். செய்கிறேன் என்றேன். சத்தியமாகவா என்றாள். சத்தியம் என்றேன். அதன் பிறகு நகர்ந்து வழிவிட்டாள்.

எதற்கு அப்படிச் சொன்னாள் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பிக்கை. எனக்குச் சூடம் என்றால் அவளுக்கு அந்தப் பொத்தான். அவள் என் வெள்ளிக்கிழமையைப் பார்த்துச் சிரிக்கவில்லை, நானும் அவள் பொத்தானைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவள் மனசுக்காக ஒரு வாரம் அமுக்கினேன். ஆனால் திரை இருட்டாவதற்குள் ஒரு சிகரெட் பிடித்துவிடலாம், அவ்வளவு நேரம். மின்னல் அதுவரைக்கும் காத்துக்கொண்டிருக்குமா? விட்டுவிட்டேன். விட்ட பிறகும் காலையில் ஒழுங்காகத்தான் எழுந்தது. அப்புறம் அந்தப் பொத்தானுக்கு என்ன அர்த்தம், சொல்லுங்கள்.

இப்போது அவள் கோயம்புத்தூர்ப் பக்கம் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பார்க்கிறாளாம். ஊரை விட்டு, அப்பாவை விட்டுப் போகும்படி ஆயிற்று என்று வேலாயுதம் கணக்கர் சொன்னார். கஷ்டம்தான். ஆனால் தப்புச் செய்தால் அனுபவிக்கத்தானே வேண்டும்? எனக்கு மட்டும் என்ன கிடைத்தது? ஒன்றரை மாதம் காலைக்குக் காலை என் நாலு சொல்லால் இந்த மேடையை ஓட்டினவன் நான். அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கு அந்த நாலு சொல்லை யாரும் கேட்பதும் இல்லை. நான் மட்டும் குளிக்கும்போது மறக்காமல் இருக்க ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன்.

என்ன சொல்கிறீர்கள்? நாலு மேடைக்கும் ஒரே லினக்ஸ் போட்டுவிட்டு, சுகிர்தா எழுதின அந்த ஸ்கிரிப்டைத்தான் நாலிலும் வைக்கப் போகிறீர்களா? அந்த ஒரு வரியோடு சேர்த்தா? மைதீன் சாரே சொன்னாரா? பார்த்தீர்களா, நான் திருத்தச் சொல்லிச் சொல்லித்தான் அது அவ்வளவு நன்றாக வந்தது.

கோடு எவ்வளவில் நிற்கிறது? முக்கால்வாசியா? இன்னும் ஒரு மணி நேரம் ஆகுமா? ஆகட்டும், ஆகட்டும். மீதி நாளைக்கு வரட்டும். எங்கே போய்விடப் போகிறது.

இதோ கடைசி லாரியும் போயிற்று. பொறுங்கள், மேஜையைத் துடைத்துவிடுகிறேன். உங்கள் காலைக் கொஞ்சம் தூக்குங்கள். ஜன்னல் சாத்தியாயிற்று. கிழக்கே பாருங்கள், என்ன மாதிரி வெட்டுகிறது. மணி ஆறு.

என்ன தம்பி, ஏன் எழுந்து ஓடுகிறீர்கள்? நான் உங்கள் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லையே. தொட மாட்டேன் என்று சொன்னேன், சொன்னபடி தொடவில்லை. எதற்காக அந்த சுவிட்சுக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நிற்கிறீர்கள்?

சுகிர்தாவும் கடைசி நாள் இதே இடத்தில்தான் நின்றாள். ஆனால் அவள் நல்ல பெண் தம்பி. நகர்ந்துவிட்டாள்.